புள்ளி வைக்காத பக்கம்

ஊசி மடிப்பின் நடுவில் இறங்கியது. நூலை இழுத்து, விரலால் தடவிப் பார்த்து, உருவிவிட்டு, கைகள் மறுபடி முதல் துளையிலிருந்து தொடங்கின. பதினாறு தாள்கள், ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துச் செருகியவை. காலையிலிருந்து இது மூன்றாவது முறை. தையலில் குறை ஒன்றுமில்லை. குறை இருந்த இடம் வேறு. அது தெரிந்ததால்தான் அந்தக் கைகளால் சும்மா இருக்க முடியவில்லை.

கைகள் சஃபியாவுடையவை. சீனாவின் லின்ஷியா ஊரில் எங்கள் தெருவில் வெள்ளைத் தொப்பி தைக்கும் பெண்கள் நிறையப் பேர். ஆனால் ஓரத்தில் ஒரு தையல் விலகினால் முழுத் தொப்பியையும் பிரிப்பவள் அவள் ஒருத்திதான். சீன எழுத்து எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. குர்ஆன் ஓதக் கற்ற அரபு எழுத்திலேயே எங்கள் பேச்சை எழுதிக்கொள்வோம். சஃபியா சீன எழுத்தையும் கற்றிருந்தாள், துணிமூட்டைகளைச் சுற்றி வரும் பழைய செய்தித்தாள்களை வைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல்.

போன வருஷம், தொண்ணூற்று இரண்டில், நபி பிறந்த மாதத்துக் கூட்டம் அவள் வீட்டு முறை. முன்கூடத்தில் ஆண்கள் நபியின் புகழ்ப்பாவை ஓத, பெண்கள் உள்ளறையில் கூடவே ஓதினார்கள். முடிந்து அப்பம் தின்னும்போது, புதிதாக வந்த மருமகள் ஒருத்தி கேட்டாள்: "நபிக்கு எத்தனை பிள்ளைங்க?"

புகழ்ப்பாவைப் பிசிறில்லாமல் ஓதிய பதினான்கு பேர் இருந்தார்கள். ஒருத்தி "ஃபாத்திமா" என்றாள். இன்னொருத்தி "ஹஸன், ஹுஸைன்" என்றாள். "அது பேரப் பிள்ளைங்கடி" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. சஃபியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற தாயைவிட நேசிக்கிறோம் என்கிறோம். அவர் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று தெரியாது. யார் அவரை அழவைத்தார்கள், யாரை அவர் மன்னித்தார் என்று தெரியாது. தெரியாத ஒருவரை எப்படிப் பின்பற்றுவது?

மறுநாளே நபியின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தாள். பதினொரு மாதம். ஆண்களின் பள்ளிவாசலில் இருந்த தடித்த நூல்களைக் கேட்டு வாங்கி வந்து, ஒரு சம்பவத்தை அவற்றில் கண்ணால் பார்த்த பிறகே ஓரத்தில் சிவப்புப் புள்ளி வைத்தாள். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் புள்ளி விழவில்லை. நபி (ஸல்) போகிற வழியில் தினமும் குப்பை கொட்டிய அண்டை வீட்டுக்காரி. ஒருநாள் குப்பை விழவில்லை; உடம்புக்கு என்னவோ என்று அவர் விசாரிக்கப் போனார். எங்கள் தெருவில் இதைக் கேட்டு வளராதவர் கிடையாது. எங்கே தேடியும் கிடைக்காமல், லான்ஜோ நகரத்தில் இருக்கும் ஒரு மார்க்க ஆசிரியருக்குக் கடிதம் போட்டாள். செவ்வாய்க்கிழமை காலை பதில் வந்தது: "நானறிந்த பழைய நூல் எதிலும் இது இல்லை."

கூட்டம் வெள்ளிக்கிழமை. இந்த வருஷம் யூலான் வீட்டு முறை. சஃபியாவின் புத்தகத்தை அங்கே வாசிப்பதாக ஏற்பாடு; எதில் தொடங்குவது என்பது அந்தந்த வீட்டுக்காரியின் விருப்பம். யூலான் குப்பைக் கதையில்தான் தொடங்கவேண்டும் என்று சொல்லிவைத்திருந்தாள். காரணம் ஊருக்கே தெரியும். அவள் கணவனின் அண்ணன் மனைவி ஒன்பது வருஷம் பாத்திரம் கழுவிய தண்ணீரை அவள் வாசலில் ஊற்றினாள். யூலான் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அந்த மனுஷி படுக்கையில் விழுந்தபோது கஞ்சி கொண்டுபோனவள் யூலான்.

அந்தச் செவ்வாய் மதியம் யூலானே வந்து நின்றாள்.

"அக்கா, மதினி வர்றேன்னுட்டாங்க! முன்வரிசையில உக்கார வைக்கப்போறேன். கதையைக் கேக்கும்போது அவங்க மூஞ்சியைப் பாக்கணும் நான்."

சஃபியா ஊசியைக் கீழே வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். "யூலான், அந்தக் கதையை எடுத்துடப்போறேன்."

"எதை?"

"குப்பைக் கதையை. எந்தப் புத்தகத்துலயும் இல்ல."

"உன் புத்தகத்துல இருக்கே! நான்தான் பாத்தேனே!"

"அது நான் கேட்டதை எழுதினது. நடந்ததான்னு எனக்குத் தெரியல. நபி செய்யாத ஒண்ணை அவங்க செஞ்சதா எழுதினா, நாளைக்கு யார் கேட்டாலும் நான் என்ன சொல்ல? அல்லாஹ் கேட்டா என்ன சொல்ல?"

யூலானின் முகம் சிவந்தது. "அப்போ நான் ஒன்பது வருஷம் இல்லாத கதைக்காகவா வாயை மூடிக்கிட்டிருந்தேன்? மதினிக்கு இது தெரிஞ்சா சிரிப்பாங்க அக்கா. தொப்பியில நூல் பிரிஞ்சா பிரி. என் வாழ்க்கையை எதுக்குப் பிரிக்கிறே?" வாசலில் நின்று திரும்பினாள். "அது இல்லாம இந்தப் புத்தகம் என் வீட்டுப் படியேறாது."

சஃபியா அன்று ஒரு தொப்பியும் தைக்கவில்லை. அடுப்பில் கரி போட்டாள், போட்டதை மறந்து மறுபடி போட்டாள். பக்கத்தை விட்டுவைத்தால் என்ன? யாருக்கு நஷ்டம்? நல்லதைத்தானே சொல்கிறது? கிணற்றடிக்குப் போனவள் குடம் எடுக்காமல் திரும்பிவந்தாள். நல்லது என்பதற்காகச் சேர்த்துக்கொண்டால் பிறகு அது யாருடைய வாழ்க்கை? நம் விருப்பத்துக்கு நாமே தைத்துப் போட்ட சட்டை அல்லவா?

புதன்கிழமை நூலை உருவினாள். அந்தத் தாளை எடுத்தால் அதன் மறுபாதியில் இருந்த மக்கா வெற்றிப் பக்கங்களும் கூடவே போகும். நான்கு பக்கமும் புதிதாக எழுதவேண்டும். எழுதினாள். இரண்டு இடத்தில் வரி கோணியது. தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

வியாழன் பிற்பகல் புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு யூலான் வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் பெரிய சட்டியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. தொழுகைக்குப் போல் கை, கால், முகம் கழுவிய உளூவோடு, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு யூலான் அப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். மாவு உருட்டிக்கொண்டிருந்தது அவள் மதினி. யூலான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"படியேறலையே, முற்றத்துலதான் நிக்கிறேன்" என்றாள் சஃபியா. "ரெண்டு பக்கம் வாசிக்கிறேன். பிடிக்கலைன்னா போயிடறேன்."

யூலான் எண்ணெயில் இன்னொரு அப்பத்தை விட்டாள். சஃபியா நின்றபடியே வாசித்தாள். தாயிஃப் நகரத்துக்கு ஆதரவு தேடிப்போன நபியை (ஸல்) அந்த ஊரார் துரத்தியது. கல் பட்டுக் கால்களில் இரத்தம் வழிந்தது. இரண்டு மலைகளையும் இவர்கள்மேல் சேர்த்து நசுக்கட்டுமா என்று வானவர் கேட்டது. வேண்டாம், இவர்கள் பிள்ளைகளில் அல்லாஹ்வை வணங்குகிறவர்கள் வரலாம் என்று அவர் சொன்னது.

யூலானின் கரண்டி நின்றது. "கல்லா?"

"கல்லு."

"குப்பையில்ல. கல்லு." எண்ணெயைப் பார்த்தபடி அவள் சொன்னாள். "சரி. ஆனா அந்த ஊர்க்காரங்க சீக்குல கிடந்தப்போ நபி போய்ப் பாத்தாங்களா?"

"அப்படி எங்கயும் இல்ல. ஆனா நபிக்கு வேலை செஞ்ச ஒரு யூதப் பையன் சீக்காப் படுத்துட்டான். அவன் வீட்டுக்குப் போய் தலைமாட்டுல உக்காந்தாங்க. அதுக்குப் புள்ளி வச்சிருக்கேன். இதோ, குப்பைக்காரி இருந்த இடத்துல."

"ரெண்டையும் சேத்து யாரோ ஒரே கதையாத் தச்சிட்டாங்களா?"

"தெரியல, யூலான். தெரியாததை நான் சொல்லமாட்டேன்."

மாவு உருட்டிக்கொண்டிருந்த மதினி கையைத் தட்டிக்கொண்டாள். "என்ன கதையோ போ. எனக்குக் கஞ்சி கொண்டாந்தது நிஜம். உப்பில்லாத கஞ்சி."

"உப்பு வேணாம்னு வைத்தியர் சொன்னாரு!" என்று யூலான் பாய்ந்தாள். பிறகு எரிச்சலோடு சிரித்துவிட்டாள். அப்பம் ஒன்று கருகத் தொடங்கியிருந்தது. அதை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"மக்காவை மறுபடி எழுதினியா? அதையும் பிரிச்சேன்னு தெருவுல பேச்சு."

"எழுதிட்டேன்."

"பிள்ளைங்க எத்தனைன்னு போட்டிருக்கியா?"

"ஏழுன்னு போட்டிருக்கேன். பேரோட."

யூலான் கரண்டியை மதினியிடம் நீட்டினாள். "இந்தச் சட்டியைக் கொஞ்சம் பாத்துக்கோங்க." இடுப்புத் துணியில் விரல் விரலாக எண்ணெயைத் துடைத்தாள். முகர்ந்து பார்த்து மறுபடி துடைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். சஃபியா துணியை விலக்கி, புத்தகத்தை அந்தக் கைகளில் வைத்தாள்.