அக்குளில் ஓடிய நீலச் சாயம்

என் அக்குளிலிருந்து எடுத்ததை, என்னைத் தவிர வீட்டில் எல்லோரும் பார்த்ததுபோலப் பேசினார்கள். அது என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் என் ஆயுளை முடிவு செய்துவிட்டார்கள். 

மார்பில் இருந்தது புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்ததும், கடலூரில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். டாக்டரம்மா என்னை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். மார்பில் நீலச் சாயத்தை ஊசியில் ஏற்றுவார்களாம். நோய் பரவினால் எந்த வழியாகப் போகுமோ அந்த வழியாகவே சாயமும் ஓடி, அக்குளில் முதலில் இருக்கும் நிணநீர் முடிச்சில் போய்ச் சேருமாம். நீலமான அந்த முடிச்சை எடுத்து, நான் மயக்கத்தில் இருக்கும்போதே சோதிப்பார்கள். அதில் நோய் இல்லையென்றால் மற்ற முடிச்சுகளைத் தொட மாட்டார்கள். பின்னால் கை வீங்கும் தொல்லையும் பெரும்பாலும் இருக்காது.

இவ்வளவையும் வீட்டில் வந்து சொன்னேன். என் கணவர், "சரி சரி, நீ அலட்டிக்காத" என்றார். குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன், "அதெல்லாம் நாங்க டாக்டர்கிட்ட பேசிக்கறோம்மா" என்றார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். உடம்பு என்னுடையது, பேசிக்கொள்வது அவர்கள்.

எடுத்ததைக் கிண்ணத்தில் வைத்து, வெளியே நிற்பவர்களுக்குக் காட்டுவது அங்கே பழக்கம். ஆபரேஷன் அன்று கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். மாமா எட்டிப் பார்த்தார். மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று, நீலமாக. வயலில் பாம்பு கடித்தவன் உடம்பு நீலம் பாரித்ததைப் பார்த்த மனிதர் அவர். நீலம் என்றால் விஷம் ஏறிவிட்டது, அவ்வளவுதான். சற்று நேரத்தில் டாக்டரம்மாவே வெளியே வந்து, அக்குளில் பரவவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் உள்ளே போனதும் மாமா என் கணவரிடம், "டாக்டருங்க அப்பிடித்தான்டா சொல்லுவாங்க. நான் கண்ணால பாத்தேன்" என்றாராம். மறுநாள் என் கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பை பச்சையாக இருந்ததும் அவருக்குக் கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. அதுவும் சிறுநீரில் வெளியேறிய அதே சாயம்தான்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. பார்க்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்கள். கேட்டால், "எல்லாம் நல்லாயிடும்" என்றார்கள். அவர்கள் சொன்ன விதத்திலேயே நான் பாதி செத்தேன். கடைசியில் என் மகள்தான் விஷயத்தை உடைத்தாள். சிதம்பரம் பக்கம் அண்ணாமலை நகரில் படிக்க இடம் கிடைத்து, விடுதிக்குப் பெட்டிகூட வாங்கிவைத்திருந்த பிள்ளை.

"வடலூர்லேர்ந்து பொண்ணு கேட்டாங்கல்ல, அவுங்களுக்கு சரின்னு சொல்லிட்டாராம் பெரியப்பா. நீ இருக்கும்போதே முடிச்சிடணுமாம். காலேஜ் வேணாங்கறாங்கம்மா."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தபோது அண்ணன் தம்பி இருவரையும் அறையிலேயே நிற்கச் சொன்னேன்.

"பரவியிருக்கா டாக்டர்?"

"இல்லம்மா. சோதிச்சுப் பாத்தாச்சு, முடிச்சுல நோய் இல்ல. நீலமா தெரிஞ்சது நாங்க போட்ட சாயம். நேத்தே இவுங்ககிட்ட சொன்னேனே."

மாமா பணிவாகக் கேட்டுக்கொண்டார். டாக்டரம்மா கதவைத் தாண்டியதும் என் கணவரின் காதில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "பேஷண்ட் முன்னாடி வேற என்னடா சொல்லுவாங்க?"

நோயாளியிடம் பொய்தான் சொல்ல வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பழகிவிட்டவர்கள். இவர்களிடம் உண்மையை எந்தக் கிண்ணத்தில் வைத்துக் காட்டுவது?

"மாமா, அந்த வடலூர்க்காரங்களுக்கு போன் போடுங்க" என்றேன். அவர் அசையவில்லை. என் கணவர்தான் தன் போனில் போட்டு என்னிடம் நீட்டினார். அண்ணனைக் கேட்காமல் அவர் ஒன்று செய்து நான் பார்த்ததில்லை.

"பொண்ணோட அம்மா பேசறேங்க. எனக்கு முடியலன்னு அவசரமா சரின்னு சொல்லிட்டாங்களாம். எனக்கு அக்குள்ல ஒண்ணும் பரவல. நான் இருக்கப் போறேங்க. பொண்ணு காலேஜுக்குப் போறா."

மகள் என் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மாமா அப்போதும் சிறுநீர்ப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.