வீட்டில் நாலு பேர்

பதில் முக்கியமில்லையாம், கேள்வி சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்களாம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்? எதிர்வீட்டுப் பெண்தான் கெஞ்சினாள். அவள் ஆபீஸில் சர்வே எடுப்பதற்கு முன்னால், கேள்விகளை வீடியோ காலில் சிலரிடம் படித்துக் காட்டி, புரிகிறதா என்று பார்ப்பார்களாம். தொலையட்டும் என்று சரி சொன்னேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ரிட்டையர் ஆனவள் நான். குரலை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவேன். ஆனால் காலம் கெட்டுக் கிடக்கிறது. ராஜகீழ்ப்பாக்கத்தில் என் சிநேகிதி, வீடியோ காலில் எவனோ போட்டிருந்த போலீஸ் யூனிஃபார்மைப் பார்த்து மிரண்டு, கேட்ட பணத்தையெல்லாம் அனுப்பிவிட்டு இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள். நானோ பீர்க்கன்கரணையில் தனி ஆள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் செருப்பைத் துடைத்து வாசலில் வைக்கிறேன். கேஸ் சிலிண்டர் வந்தால், "என்னங்க, ஆள் வந்தாச்சு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பேன். நான் தனியாக இருப்பது மட்டும் வெளியே தெரியக் கூடாது.

கால் வந்ததும் போனை ஃபேன் பக்கம் திருப்பி வைத்தேன். எதிர்வீட்டுப் பெண் இல்லை, வேறு யாரோ சின்னப் பெண்ணின் குரல்.

"முகம் தெரியலையே ஆன்ட்டி."

"ஃபேன் தெரியுதில்ல, போதும். கேளும்மா."

"உங்க வீட்டுல மொத்தம் எத்தனை பேர்?"

வந்துட்டா பார் நேரா விஷயத்துக்கு. "நாலு பேர்" என்றேன்.

"யார் யாரைக் கணக்குல சேர்த்தீங்க ஆன்ட்டி?"

துருவுகிறாளே. வீட்டுக்காரர், மகன், மருமகள், நான் என்றேன். மகனும் மருமகளும் கனடாவில் இருப்பதை இவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

"நேத்து வீட்டுல யார்கூடவாவது உட்கார்ந்து பேசினீங்களா?"

"ஏன் பேசாம? அவர்கூடத்தான்."

"இந்தக் கேள்வியைக் கேட்டதும் மனசுல என்ன வந்துச்சு?"

பொய் என்று ஆரம்பித்துவிட்டால் அரைகுறையாகவா சொல்வது? ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்று அவர் முணுமுணுத்தது, பேப்பரை நான் முதலில் பிரித்ததற்கு முறைத்தது என்று அளந்து விட்டேன். அவள் சிரித்தாள். எனக்கு நிறுத்த மனசே வரவில்லை. இப்படி வாய் வலிக்கப் பேசி எத்தனை நாளாச்சு என்று அப்போதுதான் உறைத்தது.

"சார்கிட்டயும் இதே கேள்விகளைக் கேட்டா நல்லா இருக்கும். நாளைக்குக் கூப்பிட்டா இருப்பாரா?"

பார்த்தாயா, வீட்டில் ஆம்பளை எப்போது இருக்க மாட்டான் என்று நோட்டம் விடுகிறாள். போனை வைடி என்றது புத்தி.

"இருக்க மாட்டாரும்மா" என்றேன். "நாளைக்கும் இருக்க மாட்டார். ஆனா நீ கூப்பிடு."