கழுத்தோடு வெட்டிய படம்

காலை பதினொன்று பத்து. பாரிஸின் ரூ காய் தெருவில், ஈழத்தமிழர் பலசரக்குக் கடைக் கண்ணாடியில் முதலில் கண்ணில் பட்டது என் சித்தியின் முகம். ஒரு சுவரொட்டியின் மூலையில், முட்டை வடிவத்துக்குள் இருந்தது. நடுவில் பெரிதாக என் தோழி, நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமுமாக. மேலே பிரெஞ்சில்: ‘கோயில் நடனம். என் சித்தி எனக்குத் தந்தது.’

சித்தி அவளுக்கு உறவில்லை. கோயிலில் ஆடியவரும் இல்லை. கோடம்பாக்கத்துப் படங்களில் கிளப் டான்ஸ் ஆடியவர். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் அவர் பெயர் வராது.

தோழி புதுச்சேரிக்காரி. உடையை ஒவ்வொன்றாகக் களைந்தபடி பார்ப்பவரையே கேலி செய்யும் பழைய மேடை ஆட்டம் பர்லெஸ்க். அதை பாரிஸ் மதுக்கூடங்களுக்கு மறுபடி கொண்டுவந்தவர்களில் அவளும் ஒருத்தி. நம் கிளப் டான்ஸையும் அதில் சேர்க்கிறேன் என்றாள். அதற்காகச் சித்தியிடம் அவர் ஆடிய காலத்துப் படம் ஒன்று கேட்டேன்.

“கிளப் டான்ஸ்னே சொல்வாளா?” அவர் கேட்டது அது ஒன்றுதான்.

சொல்வாள் என்றேன். முதல் சில மாதங்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் சொன்னாள்.

இப்போது சுவரொட்டியில் அந்தப் படம் கழுத்தோடு நின்றது. தோளைச் சுற்றியிருந்த இறகுகள் இல்லை, கையிலிருந்த கோப்பையும் இல்லை. நாளிதழில் பல வருடம் பக்கத்துக்கு ஏற்றபடி படம் வெட்டியவள் நான். இது இடம் போதாமல் விழுந்த வெட்டு அல்ல.

கடைக்காரர் வெளியே வந்தார். “உங்கட சிநேகிதி கோயில் பரம்பரையாமே, அக்கா? முந்தி நீங்கள் தந்த கிளப் டான்ஸ் நோட்டீசைப் பாத்திட்டு என்ர மனுசி என்னோடை ரெண்டு நாள் கதைக்கேல்லை. இப்ப தானும் வாறன் எண்டு நிக்கிறா.”

தோழிக்குப் போன் செய்தேன்.

“கிளப்னு போட்டா பெரிய தியேட்டர் எவன்டி குடுப்பான்? கோயில்னு சொன்னேன், உடனே ‘உய்’, சரின்னுட்டான்.”

“அது என் சித்தி.”

“ஒனக்குச் சித்தின்னா எனக்கும் சித்திதான். ஒங்க வீட்ல அவங்கள ஒளிச்சு வச்சீங்க. நான் சுவத்துல ஒட்டியிருக்கேன். யாருடி மரியாதை பண்ணது?”

அவள் போனை வைத்துவிட்டாள்.

சுவரொட்டியைப் படமெடுத்துச் சித்திக்கு அனுப்பினேன். சென்னையிலிருந்து பதில் வந்தது: “என் டிரெஸ் எங்கே?”

அந்தச் சனிக்கிழமை பெரிய தியேட்டரில் அவள் ஆட்டம் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கியது; கிளப் டான்ஸ் என்ற சொல் வரவில்லை.