மணவறையில் தனியே இருந்தவர்

மேசையில் இரண்டு கறுப்பு ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்றிலிருந்து மற்றதற்குப் படங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. திரையில் கோடு நகர்கிற வேகத்துக்கு நல்லூர்த் தேர் எவ்வளவோ மேல். படங்களால் வருகிற தாமதம் அல்ல இது. படத்தைச் சட்டென்று காட்டுவதற்காகக் கொம்பியூட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய நகல் செய்து, கற்றலொக் என்கிற படப்பட்டியலோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. பிரிவியூ என்போம். அந்தத் துணுக்குகள்தான் இடத்தையும் என் உயிரையும் தின்கின்றன. மூலப்படம் இருந்தால் அவற்றைத் திரும்ப உண்டாக்கலாம், விட்டுவிட்டுக் கொப்பி பண்ணுவோமே என்று எங்கள் ஸ்ரூடியோ அண்ணையிடம் எத்தனையோ தரம் மன்றாடியிருக்கிறேன். முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது.

"கிடக்கட்டும் ஐசே. சோறுதான் சாப்பாடு எண்டு இலையை எறியிறியோ?"

"சாப்பிட்டு முடிய எறியிறதுதானேயண்ணை."

"அப்ப முதல் சாப்பிட்டு முடியட்டும்."

அதற்குமேல் அவரோடு கதைத்து வெல்ல ஏலாது.

கலியாண வீடுகளில் பொம்பிளை வருமுன்னம், லைற் சரியோ என்று நாங்கள் எடுத்துப் பார்ப்பதற்கு அவரே மணவறையில் ஏறி இருப்பார். யாராவது கீழே நின்று, "என்னண்ணை, இரண்டாந்தாரமோ?" என்பார்கள். "பொறுங்கோ, முதல் தாரத்திட்டைக் கேட்டுச் சொல்லுறன்" என்பார். அந்தச் சோதனைப் படங்களை அல்பம் முடிந்ததும் அழித்துவிடச் சொல்வார். "என்ரை மூஞ்சைக்கு ஆர் காசு தருவினம்?"

போன மாதம் நெஞ்சுநோ வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டியிருந்தது. அந்த நினைவுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவருடைய முகம் வரவேண்டும். எத்தனையோ வீட்டுக்குச் செத்தவர்களின் முகத்தைத் தேடிக் கொடுத்த மனிதனுக்கு அடையாள அட்டைப் படத்தைத் தவிர ஒன்றுமில்லை. அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்ரூடியோவுக்கு வந்தார். "உதைப் போட்டா ஆளைப் பொலிஸ் தேடுற மாதிரியெல்லே இருக்கும், தம்பி."

பழைய டிஸ்க்கைச் செருகிக் கற்றலொக்கைத் திறந்தேன். நீர்வேலிக் கலியாணம் ஒன்று. மூலப்படத்தைக் காணவில்லை என்ற குறி மூலையில் நிற்க, அதன் கீழே அண்ணை மணவறையில் இருந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். மூலத்தை அவர் சொற்படி அழித்தாயிற்று. கற்றலொக்கிலிருந்து எடுக்க மறந்ததால் பிரிவியூ மட்டும் டிஸ்க்குக்கு டிஸ்க் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

அக்கா வெகுநேரம் பார்த்தார். "பாரன், என்னை விட்டிட்டுத் தனியப் போய் மணவறையிலை இருந்திருக்கிறார்."

"சின்னப் படமக்கா. பெருப்பிச்சா உடைஞ்சுபோகும்."

"பெருப்பிக்க வேண்டாம். அவர் இருக்கிற அளவிலேயே இருக்கட்டும்."

அச்சாகி வந்த கல்வெட்டு இப்போது டிஸ்க்குகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கோடு பாதிகூடத் தாண்டவில்லை. பிரிவியூக்களை விட்டுவிடலாமா என்று திரையில் ஒரு சின்னக் கட்டம் கேட்கிறது. ஒருமுறை அமத்தினால் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம். கண் எரிகிறது, முதுகு உளைகிறது.

கிடக்கட்டும். நாங்கள் இன்னும் சாப்பிட்டு முடியவில்லை.