பெட்டிசத்துக்குள் போகாத பேச்சு

போன வாரம் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் கச்சான் கடலை வாங்கினேன். பல் இருக்கும்போதே தின்றுவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. சுருளைப் பிரித்தால், யாரோ ஒரு பள்ளிப் பிள்ளையின் ஆங்கிலக் கொப்பித் தாள். நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றச் சொல்லிப் பத்து வாக்கியங்கள். அதில் ஒன்றைத் தமிழில் சொன்னால், ‘எனக்குக் காய்ச்சல்’ என்றான் ராமன். அதன் கீழே, தனக்குக் காய்ச்சல் என்று ராமன் சொன்னான். சிவப்பு மையில் பத்துக்குப் பத்து. கச்சானைத் தின்றுவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

படிக்கிற காலத்தில் நானும் இதில் புலிதான். கணக்கில் வாங்கிய அடிக்கு அளவில்லை, அயற்கூற்று மட்டும் தண்ணி பட்ட பாடு. பேசியவனுடைய ‘நான்’ ‘அவன்’ ஆக வேண்டும். ‘இன்று’ ‘அன்று’ ஆகும், ‘இங்கே’ ‘அங்கே’ ஆகும், நடப்பதெல்லாம் நடந்து முடிந்ததாகிவிடும். ஆச்சரியக்குறியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ‘வியப்புடன் கூறினான்’ என்று போட்டால் தீர்ந்தது. கூச்சல் போட்டவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, சட்டை மாட்டி நிறுத்துகிற வேலை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

பிடித்ததற்குக் காரணம் கண்டியில் நான் வளர்ந்த மஹய்யாவக் குடியிருப்பாக இருக்கலாம். எங்கள் ஆட்கள் பிறர் பேச்சை அப்படிச் சொல்லவே மாட்டார்கள். குழாயடியில் நடந்த சண்டையை ஒருத்தி வந்து சொன்னால், இரண்டு பேருடைய குரலும் கையும் அவளிடமே இருக்கும். ‘அவ அடியேய்ன்னா, நான் போடீன்னேன், அவ கொடத்த தூக்குறா’ என்று சண்டை இன்னொரு தடவை முழுசாக நடக்கும். இங்கிலீஷ் படித்த எனக்கு அது நாகரிகக் குறைவாகத் தோன்றியது. என்னை நீங்கள் மன்னிக்க வேண்டும், எனக்கு அப்போது இருபது வயது.

அந்தப் படிப்புக்குத்தான் கண்டியில் ஒரு புரொக்டர் வக்கீலின் கந்தோரில் இங்கிலீஷில் பெட்டிசம், அதாவது மனு, எழுதும் வேலை கிடைத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். கந்தோர் முழுக்கக் கார்பன் தாளின் வாசம், மழை நாளில் அதோடு ஈரக் கம்பளியின் வாசமும் சேரும். நாவலப்பிட்டி ரயிலில் வந்து இறங்கும் ஆட்களின் கம்பளி அது. யாழ்ப்பாணத்துப் பெரிய கிளாக்கர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், கோபமே வராது. முதல் நாளே எனக்கு ஒரு விதி சொல்லிவிட்டார்.

“தம்பி, பெட்டிசத்தில ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. துரைமாரை மரியாதையாய்க் காட்டினால்தான் மேலிடத்தில வாசிப்பினம்.”

மேலே இருப்பவர் ஏசினாலும் ‘அறிவிக்கத் திருவுளம் கொண்டார்’ என்றுதான் எழுதுவது. உதைத்தால்கூட அப்படித்தான் எழுதியிருப்போமோ என்னவோ. எல்லாக் கந்தோரிலும் அதுவே வழக்கம்.

அந்த மழைக்காலத்தில் செல்லம்மா என்று ஒரு பெண் வந்தாள். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள், புருஷன் செத்து இரண்டு வருஷம். இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் இருந்திருக்கிறாள். மூன்றாம் நாள் தோட்டத்துத் துரை அவள் பெயரை வெட்டிவிட்டார், வேலையிலிருந்து விடுவித்ததற்கான பற்றுச்சீட்டும் தரவில்லை. அந்தச் சீட்டு இல்லாவிட்டால் வேறு எந்தத் தோட்டத்திலும் பெயர் பதிய மாட்டார்கள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

“ஊர் எது?” என்று கேட்டேன்.

“தோட்டந்தாங்கய்யா. அங்கதான் பொறந்தேன்.”

“அது இல்லம்மா. இந்தியாவுல எந்த ஊரு?”

“அப்பாவுக்குத் துறையூருப் பக்கம்னு சொல்வாங்க. நான் பாத்ததில்லங்க.”

துறையூர் என்று எழுதிக்கொண்டேன். துரை என்ன சொன்னார் என்று கேட்டதும், பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு எழுந்து நின்றாள். இடுப்பில் கை வைத்துத் தாடையைத் தூக்கினாள்.

“‘ஏய் நாய்! நீ போ! ஒன் பேர் வெட்டியாச்சி! சீட்டு இல்ல, நீ பிச்ச எடு!’ அப்புடின்னாருங்க, காலையில பேர் கூப்புடுற பெரட்டுல, அத்தன பேரு முன்னால.”

உள்ளே இருந்த பெரிய கிளாக்கர் நிஜமாகவே ஒரு துரை வந்துவிட்டார் என்று கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். நான் சிரித்துவிட்டேன். செல்லம்மா சிரிக்கவில்லை.

அன்று நான் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம். மனுதாரியின் சேவை இனித் தேவைப்படாது என்று துரை அவர்கள் அறிவிக்கத் திருவுளம் கொண்டார் என்றும், பற்றுச்சீட்டைத் தற்போது வழங்க இயலாதிருப்பதைத் தெரிவித்தார் என்றும் எழுதினேன். பெரிய கிளாக்கர் இரண்டு தடவை வாசித்து, “ஓம், வெகு திறம்” என்றார். செல்லம்மா பெருவிரல் ரேகை வைத்தாள். தோட்டத்து முறைப்பாடுகளைக் கேட்கும் பெரிய கந்தோருக்கு அது போயிற்று.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. துரை முறைப்படி அறிவித்திருப்பது மனுவிலேயே தெரிகிறதாம். சீட்டைத் தற்போது தர இயலாது என்றுதான் அவர் சொன்னாராம், ஆகவே மனுதாரி தோட்டத்துக்கே போய் அவரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாமாம். அவர்கள் மேல் குற்றமில்லை. நான் எழுதியதைத்தான் அவர்கள் வாசித்தார்கள்.

செல்லம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நாயேன்னானே, அது எங்கங்கய்யா?”

“அதெல்லாம் எழுதக் கூடாதும்மா.”

“எங்கிட்ட சொல்லலாம், எழுதத்தான் கூடாதா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லப்போனால் இப்போதும் அப்படித்தான். அவள் கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு கிளாக்கருக்குத் தெரியாமல் இன்னொரு பெட்டிசம் எழுதினேன். துரை சொன்னதை மேற்கோள்குறி போட்டு, நாயை நாயாகவும் பிச்சையைப் பிச்சையாகவும் அப்படியே வைத்தேன். அந்தக் கந்தோரில் வாய் திறந்து பேசிய பெட்டிசம் அது ஒன்றுதான். ரேகை வாங்க, மஹய்யாவயில் அவள் தங்கியிருந்த சொந்தக்காரி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

“அவ போயி மூணு நாளாச்சிங்க,” என்றாள் அந்த வீட்டுக்காரி. “சீட்டு இல்லாம இங்க யாரு வேல குடுப்பா? புள்ளையத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிட்டா.”

“எந்த ஊருக்கு?”

“தொறையூரோ என்னமோ சொன்னா. அங்க யாரு இருக்கான்னு அவளுக்கே தெரியாது.”

ரேகை இல்லாத பெட்டிசத்துக்கு மதிப்பில்லை. கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில் போட்டேன்.

இப்போது அந்தப் புரொக்டரின் கந்தோர் இருந்த இடத்தில் புடவைக் கடை இருக்கிறது. பெரிய கிளாக்கர் போய்ச் சேர்ந்துவிட்டார். பற்றுச்சீட்டு என்றால் என் பேரப்பிள்ளைகள் கடையில் தரும் ரசீது என்று நினைக்கிறார்கள். செல்லம்மாவைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. அவள் சொன்னபடியே எழுதிய தாளைக் கறையான் தின்றுவிட்டது. நான் அழகாக மாற்றி எழுதியது மட்டும், அவளுடைய ரேகையோடு, ஏதோ ஒரு கந்தோர் அலுமாரியில் பத்திரமாக இருக்கும்.