செருப்படி நெளி

மாப்பிள்ளையின் ஷூவைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அவர் அம்மா வந்து நின்றது தெரியவில்லை.

போன ஞாயிறு, என் மகளைப் பெண் பார்க்கப் பள்ளிகொண்டாவிலிருந்து வந்திருந்தார்கள். எல்லாரும் உள்ளே பஜ்ஜி சாப்பிட, நான் மட்டும் வாசலில்... நெளி பார்க்க.

நெளி என்றால்? எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான், அகராதி மாதிரி சொல்ல வராது. கூரைத் தகரத்தில் அலை அலையாக மேடும் பள்ளமும் ஓடுகிறதே, அது நெளி. மோதிரத்தில் வளைந்து வளைந்து வருவதும் நெளி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த எங்களுக்குச் செருப்பின் அடியில் வரிவரியாக இருப்பதும் நெளிதான். அது தேய்ந்திருக்கும் விதத்தை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவோம். குதிகால் பக்கம் தேய்ந்தால் சோம்பேறி – காலை இழுத்து நடக்கிற ஆள். முன்பக்கம் தேய்ந்தால் அவசரக்காரர். இதெல்லாம் சரியா என்று கேட்காதீர்கள். ஜாதகம் மட்டும் சரியா?

மாப்பிள்ளை ஷூவில் நெளி துளிகூடத் தேயவில்லை. புத்தம் புதுசு. எதை மறைக்கிறார்கள்?

"இன்னாம்மா பார்க்கிறீங்க?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஒண்ணுமில்லக்கா... வழியில கெடந்துச்சு, ஓரமா வைக்கலாம்னு..."

"எனக்கேவா? நானும் ராணிப்பேட்டைல ஷூ கம்பெனிதான். அது நேத்து வாங்கினது. பழசுல குதிகால்ல நெளியே கெடையாது. அதைப் போட்டுட்டு வந்தா பொண்ணு குடுப்பீங்களா?"

ஷூவை மெல்லக் கீழே வைத்தேன்.

"சோம்பேறிதாம்மா. ஆனா கெட்டவன் இல்ல. உங்க பொண்ணு செருப்ப வந்ததுமே பார்த்துட்டேன், அந்த நீலக் கலரு. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு. நிதானமான பொண்ணு. எங்களுக்குப் புடிச்சிருக்கு."

உள்ளே மகளும் சம்மதம் என்று தலையாட்டியிருந்தாள். அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த நீலச் செருப்பு என்னுடையது. முன்பக்கம் மழுங்கிப்போன மகளின் செருப்பைக் காலையிலேயே பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தேன்.

எதற்கெடுத்தாலும் பதறுகிற என்னை, நிதானம் என்று சொன்ன முதல் மனுஷி சம்பந்தியம்மாதான். அவரிடம் போய் எப்படி மறுத்துப் பேசுவது?