பத்து நிமிடக் குழம்பு

குன்னத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தபோது, தனியாக இருந்த செல்வி அக்கா வீட்டில் முன்னறையில் குடியிருந்தேன். ஒரு வியாழக்கிழமை, பருத்தி எடுக்கப் போன அக்கா திரும்புவதற்குள் சமைத்து அசத்திவிட ஆசை. பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்த ‘பத்து நிமிட வெங்காயக் குழம்பு’ கையில் இருந்தது. உத்தரத்தில் தொங்கிய சின்ன வெங்காயத்தில் திரட்சியான கொத்தாகப் பார்த்து அறுத்தேன். உரிக்கவே முக்கால் மணி நேரம்!

வந்த அக்கா தோல் குவியலைப் பார்த்தார். பிறகு உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“தம்பி, அது விதைக்குக் கட்டி வச்சதுப்பா. வர்ற ஞாயித்துக்கெழம நடணும்.”

கரண்டியைக் கீழே வைத்தேன். அவருக்கு இருந்ததே அரை ஏக்கர்.

“மூஞ்சிய ஏன் இப்புடி வச்சிருக்க? சோத்தப் போடு. வூட்டுக்கு வந்ததும் எனக்கு ஒருத்தர் சோறு போட்டு எத்தினி வருசமாச்சு!”

இரண்டாம் முறையும் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் நடவுக்குப் போனேன். விதை தீர்ந்து, கடைசிப் பாத்தியில் கொஞ்சம் இடம் வெறுமையாகக் கிடந்தது. நான் தலைகுனிந்தேன்.

“இது நாம தின்ன எடம், தம்பி” என்று அக்கா சிரித்தார்.

இன்றும் வேலை முடிந்து யார் வந்தாலும் முதலில் தட்டை எடுத்து வைக்கிறேன். வெங்காயத்தை மட்டும் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன்.